ஆட்டோ சங்கர்: தேடப்படாதவர்களின் கதை

சிறுசேரியில் எங்கள் அடுக்ககத்தில் மாலை நடைக்கு வரும் இளைஞர்கள் பெரும்பாலும் சிப்காட் வளாக நிறுவனங்களில் பணிபுரிபவர்கள். அண்மையில் ஒரு நாள் அவர்களுடைய பேச்சு தொடர்கொலையாளர்களைப் பற்றித் திரும்பியது. ஆண்கள் எதற்காகத் தொடர்ந்து கொல்கிறார்கள், பெண்கள் எதற்காகக் கொல்கிறார்கள், அவர்களின் மூளையில் என்ன கோளாறு இருக்கும் என்றெல்லாம் விவாதம் நீண்டது. அவர்களில் ஒருவர் 2019-ல் வெளிவந்த ஆட்டோ சங்கர் இணையத் தொடரைப் பார்த்திருந்தார். ஆனால், அந்தக் கதை நடந்தது இதே பழைய மாமல்லபுரம் சாலையில் வடக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள திருவான்மியூரில் என்று நான் சொன்னபோது அனைவரும் வியந்தார்கள். அவர்களில் யாரும் அப்போது பிறந்திருக்கவில்லை.

அந்த மனிதருக்கு அப்படி என்ன மனநோய் என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பிறகு யோசித்தபோது, அந்தக் கேள்வியே அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்தாதது என்று தோன்றியது. அதனால் அந்த வாழ்க்கையை இங்கே ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

தொடங்குமுன் ஒரு சொல். ஆறு பேரைக் கொன்ற ஒருவரை அவர் என்று எழுதுவதா, அவன் என்று எழுதுவதா என்ற தயக்கம் எனக்கும் உண்டு. அவன் என்று எழுதுவது எளிது. அப்படி எழுதினால் அந்த வாழ்க்கையில் நமக்கு எந்தப் பங்கும் இல்லை என்ற நிம்மதியும் கிடைக்கும். அந்த நிம்மதியைத் தவிர்க்கவே அவர் என்று எழுதுகிறேன். கொல்லப்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்ப்பதற்குக் காரணம் வேறு. அவர்களுடைய உறவினர்கள் இன்னும் இதே நகரத்தில் வாழக்கூடும்.

வேலூரிலிருந்து திருவான்மியூருக்கு

ஆட்டோ சங்கர் என்று அறியப்பட்ட கௌரிசங்கர் 1950-களின் நடுப்பகுதியில் வேலூரை அடுத்த காங்கேயநல்லூரில் பிறந்தவர். திருமுருக கிருபானந்த வாரியார் பிறந்ததும் அதே ஊரில்தான். ஊருக்கும் ஒருவருடைய குணத்துக்கும் தொடர்பு தேடுபவர்கள் இந்த ஓர் உதாரணத்தோடு அந்த முயற்சியைக் கைவிட்டுவிடலாம்.

பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்த பல்லாயிரம் பேரில் அவரும் ஒருவர். பெயிண்டராக வேலை செய்தார். பிறகு ஆட்டோ ஓட்டினார். அன்றைய திருவான்மியூர், சென்னையின் தெற்கு எல்லை. மருந்தீசுவரர் கோயிலைத் தாண்டினால் சவுக்குத் தோப்புகளும், மீனவக் குப்பங்களும், பக்கிங்காம் கால்வாயும், இருள் மூடிய மணல்வெளியும்தான். இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் பெருங்குடியும் துரைப்பாக்கமும் காரப்பாக்கமும் அன்று கிராமங்கள். சிறுசேரி அவற்றுக்கும் அப்பால், ஏரியும் வயலுமாகக் கிடந்தது.

அந்த இருண்ட கடற்கரைதான் அவருடைய முதல் முதலீடு. தமிழ்நாட்டில் 1974-ல் மதுவிலக்கு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 1981-ல் கடைகள் திறந்தன. 1987 தொடக்கத்தில் சாராயமும் கள்ளும் மறுபடி தடைசெய்யப்பட்டன. கடை மூடப்படும் ஒவ்வொரு முறையும் குடிப்பவர்களின் தொகை குறைவதில்லை. சரக்கு வரும் வழி மட்டும் மாறுகிறது. மாமல்லபுரம் வரையிலான கடலோரக் கிராமங்களில் காய்ச்சிய கள்ளச்சாராயத்தை நகருக்குள் கொண்டுவர வாகனம் தேவை. சைரன் வைத்த ஜீப்பையோ லாரியையோ விட, பயணியை ஏற்றிச் செல்வதுபோலத் தெரியும் ஆட்டோ அதற்குப் பொருத்தமானது. சங்கர் அந்த வேலையைச் செய்தார். அதில் பணம் சேர்ந்தது. சேர்ந்த பணத்தில் பாலியல் தொழிலை நடத்தத் தொடங்கினார். திருவான்மியூர் பெரியார் நகரில் வீடும் குடிசைகளும் அவர் கைவசம் இருந்தன. ஏவலுக்கு ஆட்கள் சேர்ந்தார்கள். பத்தாண்டுகளுக்குள் ஆட்டோ ஓட்டுநர் அந்தப் பகுதியின் பெரும்புள்ளி ஆனார்.

இந்த வளர்ச்சியில் எங்கும் மனநோயின் அடையாளம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தேவை எங்கே இருக்கிறது, சட்டம் எங்கே கண்ணை மூடுகிறது, யாருக்கு எவ்வளவு கொடுத்தால் வேலை நடக்கும் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவரின் வளர்ச்சி அது. அதே கணக்கை நேரான தொழிலில் பார்த்திருந்தால் அவரை உழைப்பால் உயர்ந்தவர் என்று பாராட்டியிருப்போம்.

ஆறு கொலைகள்

1987, 1988 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட எண்ணிக்கை இதுதான். அதற்கு மேல் சொல்லப்படும் எண்கள் பேச்சளவில் வளர்ந்தவை.

முதலில் கொல்லப்பட்டவர், சங்கரின் விடுதியில் இருந்த இளம்பெண். அங்கிருந்து வெளியேறி, தமக்குப் பிடித்த ஒருவரோடு வாழப் போனார். சங்கரைப் பொறுத்தவரை அது காதலும் இல்லை, துரோகமும் இல்லை. தொழிலுக்கு நேர்ந்த இழப்பு. ஒருவர் போனால் மற்றவர்களும் போவார்கள் என்ற அச்சம். அந்தப் பெண் கொல்லப்பட்டு வீட்டுக்குள்ளேயே புதைக்கப்பட்டார். அவருடன் வாழ்ந்த ஆண் அடுத்துக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் எரிக்கப்பட்டு, சாம்பல் கடலில் கரைக்கப்பட்டது. காணாமல் போன நண்பனைப் பற்றி விசாரித்தவர் மூன்றாவதாகக் கொல்லப்பட்டார். பிறகு 1988-ன் நடுப்பகுதியில், விடுதியில் தகராறு செய்த மூன்று ஆண்கள் ஒரே இரவில் அடித்துக் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள்.

இந்த வரிசையைப் பாருங்கள். முதல் கொலை தொழிலைக் காப்பதற்காக நடந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் முதல் கொலையை மறைப்பதற்காக நடந்தவை. இதில் இரவில் இரை தேடித் திரியும் வேட்டைக்காரனைக் காண முடியவில்லை. கணக்குப் புத்தகத்தில் வரும் கடன்களை ஒவ்வொன்றாகத் தீர்க்கும் முதலாளியையே காண முடிகிறது. அவர் தனியாகவும் கொல்லவில்லை. உடனிருந்தவர்கள் பிடித்தார்கள், அடித்தார்கள், குழி வெட்டினார்கள், பூசி மறைத்தார்கள். வேலை முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

அதுவரை ஏன் எதுவும் வெளியே தெரியவில்லை? விடையும் அந்த வரிசையிலேயே இருக்கிறது. முதலில் கொல்லப்பட்ட பெண்ணைத் தேடிக் காவல் நிலையத்துக்குப் போக ஆளில்லை. அத்தகைய தொழிலில் இருந்தவர் ஓர் இடத்தைவிட்டுப் போனால் வேறோர் ஊருக்குப் போயிருப்பார் என்பதே எல்லோருடைய அனுமானம். அவருடன் வாழ்ந்தவருக்காக ஒரு நண்பர் கேட்டார், கேட்டவரும் மறைந்தார். கடைசி மூவருக்கு மட்டுமே, விடாமல் கேட்கும் குடும்பங்கள் இருந்தன. தமிழ்நாட்டில் அப்போது குடியரசுத் தலைவர் ஆட்சி. நிர்வாகம் ஆளுநர் பி.சி. அலெக்சாண்டரின் பொறுப்பில் இருந்தது. வழக்கமாக யாரைப் பிடித்தால் எது நடக்கும் என்றிருந்த கணக்குகள் சற்றே குலைந்திருந்த காலம். உறவினர்கள் உள்ளூர்க் காவல் நிலையத்தோடு நிற்கவில்லை. மேலிடங்களின் கதவைத் தட்டினார்கள். விசாரணை தொடங்கியது, கூட்டாளிகளில் ஒருவர் அப்ரூவராக மாறினார், பெரியார் நகரில் தரையைத் தோண்டினார்கள்.

தோண்டி எடுத்தவை எலும்புகள். அவை யாருடையவை என்று நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். மரபணுச் சோதனை இங்கே வழக்கத்துக்கு வராத காலம் அது. மண்டை ஓட்டின் படத்தையும், அந்த நபர் உயிரோடு இருந்தபோது எடுத்த புகைப்படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்திப் பார்க்கும் முறையைத் தடய அறிவியல் துறையினர் பயன்படுத்தினார்கள். இந்த முறையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்தாலும், அதற்கு ஒரு புகைப்படம் வேண்டும். அந்தப் புகைப்படத்தை யாராவது ஒருவர் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்; தேடி எடுத்துக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும்.

ஆணின் கொலை, பெண்ணின் கொலை

அடுக்கக நண்பர்கள் பேசிய விஷயத்துக்கு இப்போது வருகிறேன். ஆண் தொடர்கொலையாளர்களும் பெண் தொடர்கொலையாளர்களும் வேறுபடுகிறார்கள் என்பது ஆய்வுகள் ஏற்றுக்கொண்ட செய்திதான். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் மரிசா ஹாரிசனும் அவருடைய குழுவினரும் அந்நாட்டின் 55 ஆண், 55 பெண் தொடர்கொலையாளர்களை ஒப்பிட்டு 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆண்கள் பெரும்பாலும் அறிமுகமற்றவர்களைப் பின்தொடர்ந்து கொல்கிறார்கள். பாலியல் வெறி முக்கியமான தூண்டுதலாக இருக்கிறது. பெண்கள் பெரும்பாலும் தமக்கு அறிமுகமானவர்களை, தம் கண்பார்வையில் இருப்பவர்களை, பணத்துக்காகக் கொல்கிறார்கள். நஞ்சு அவர்களுடைய வழக்கமான கருவி.

இந்தியாவிலும் இந்தச் சித்திரத்துக்கு உதாரணங்கள் உண்டு. சயனைடு மல்லிகா என்று அழைக்கப்பட்ட பெங்களூரு கெம்பம்மா, கோயில்களில் கவலையோடு நிற்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுப்பார். சிறப்புப் பூஜை செய்தால் கவலை தீரும் என்று நம்பவைத்து, நகைகளை அணிந்துகொண்டு தொலைவிலுள்ள கோயிலுக்கு வரச் சொல்வார். தீர்த்தத்தில் சயனைடு கலந்து கொடுத்துவிட்டு நகைகளோடு போய்விடுவார். முதல் கொலை 1999-ல், மற்றவை 2007-ல். மறுபுறம், 1960-களில் பம்பாயின் புறநகர்களைக் கலங்கவைத்த ராமன் ராகவன், நடைபாதையிலும் குடிசையிலும் உறங்கியவர்களை நள்ளிரவில் தலையில் அடித்துக் கொன்றவர். கொல்லப்பட்டவர்கள் யாரென்றே அவருக்குத் தெரியாது. கடுமையான மனச்சிதைவு நோய் அவருக்கு இருந்ததை மருத்துவக் குழு உறுதிசெய்தது.

ஆட்டோ சங்கரை இந்த இரண்டில் எந்தப் பெட்டியில் போடுவது? அவர் ஆண், ஆனால் அறிமுகமானவர்களையே கொன்றார். லாபத்தையும் தொழிலையும் காப்பதற்காகக் கொன்றார், வீட்டுக்குள்ளேயே புதைத்தார். நோக்கத்தை மட்டும் பார்த்தால் அவர் ராமன் ராகவனைவிடக் கெம்பம்மாவுக்கே நெருக்கமானவர். இங்கிலாந்தின் மருத்துவர் ஹரால்டு ஷிப்மனும் ஆண்தான். தம்மை நம்பிய நோயாளிகளை ஊசி மருந்தால் கொன்றார். அவருடைய கொலைகளை ஆராய்ந்த அரசு விசாரணை 215 பேரை அடையாளம் கண்டது. ஆண், பெண் என்ற பகுப்பு சராசரிகளைச் சொல்லும். ஒரு தனிமனிதர் ஏன் கொன்றார் என்பதைச் சொல்லாது.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்றைத் தேடினால், அது கொன்றவர்களின் மனத்தில் கிடைப்பதில்லை. கொல்லப்பட்டவர்களின் நிலையில் கிடைக்கிறது. ராமன் ராகவன் கொன்றது நடைபாதைவாசிகளை. மகாராஷ்டிரத்தின் காவித் சகோதரிகளும் அவர்களுடைய தாயும் 1990-க்கும் 1996-க்கும் இடையில் ஏழை வீட்டுக் குழந்தைகளைக் கடத்தித் திருட்டுக்குப் பயன்படுத்தினார்கள். பாரமாகிப்போன குழந்தைகளைக் கொன்றார்கள். ஆறு ஆண்டுகள் அது நடந்தது. அமெரிக்காவின் கேரி ரிட்ஜ்வே 49 பெண்களைக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்டவர். பாலியல் தொழிலில் இருந்தவர்களைத் தேர்ந்தெடுத்ததற்கு, அவர்கள் காணாமல் போனால் உடனே யாரும் தேட மாட்டார்கள் என்பதே காரணம் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஷிப்மனின் நோயாளிகளில் பெரும்பாலோர் முதியவர்கள். முதியவர் இறந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை.

ஒரு கொலை கொலையாகவே நின்றுவிடுவதும் தொடராக நீள்வதும் கொலையாளியின் குணத்தை மட்டும் பொறுத்ததில்லை. முதலில் மறைந்தவரை நாம் எவ்வளவு விரைவாகத் தேடுகிறோம் என்பதையும் பொறுத்தது. திருவான்மியூரில் முதல் பெண்ணை யாராவது தேடியிருந்தால், மற்ற ஐந்து பேர் உயிரோடு இருந்திருக்கக்கூடும்.

சிறையிலிருந்து எழுதியவர்

கைதான சங்கரின் கதை அங்கே முடியவில்லை. 1990 ஆகஸ்டில், வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, சென்னை மத்திய சிறையிலிருந்து கூட்டாளிகளோடு தப்பினார். சிறைக்குள்ளிருந்தே உதவி கிடைத்தது என்ற புகாரில் காவலர்கள் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. ஒடிசாவின் ரூர்கேலாவில் மீண்டும் பிடிபட்டார். ஆட்டோ ஓட்டிய ஒருவர், கொலை வழக்கின் முதல் எதிரி, மத்திய சிறையிலிருந்து வெளியேறி இன்னொரு மாநிலம் வரை போக முடிந்தது. இதைத் தனிமனித சாமர்த்தியம் என்று மட்டும் விளக்கிவிட முடியாது.

1991 மே 31 அன்று செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றம் அவருக்கும் கூட்டாளிகள் இருவருக்கும் மரண தண்டனை விதித்தது. சங்கரின் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. 1994 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

தூக்குக்காகக் காத்திருந்த நாட்களில் அவர் தன்வரலாறு எழுதினார். தமக்கும் பல உயர் அதிகாரிகளுக்கும் இருந்த நெருக்கத்தை அதில் விவரித்திருந்ததாக, அதை வெளியிட முனைந்த நக்கீரன் இதழின் ஆசிரியர் தரப்பு சொன்னது. வெளியிடக் கூடாது என்று சிறைத் துறைத் தலைமை 1994 ஜூனில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஆசிரியர் ஆர். ராஜகோபால் உச்ச நீதிமன்றம் சென்றார். அந்த ஆண்டு அக்டோபர் 7 அன்று நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி அமர்வு அளித்த தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது. தன் வாழ்க்கையைப் பிறர் துருவாமல் இருக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கியது என்று அந்தத் தீர்ப்பு ஏற்றது. அதே வேளையில், பொது ஆவணங்களில் உள்ளவற்றை வெளியிடத் தடையில்லை என்றும், தங்களுக்கு அவதூறு நேரும் என்ற அச்சத்தால் அதிகாரிகள் ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது என்றும் கூறியது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தபோது அலசிய முன்தீர்ப்புகளில் இதுவும் ஒன்று. ஆறு உயிர்களை மதிக்காத ஒருவரின் பெயரால் அழைக்கப்படும் வழக்கு, குடிமக்கள் அனைவரின் உரிமைக்கும் ஆதாரமாகிவிட்டது.

அந்தத் தன்வரலாற்றில் இருந்தவை உண்மை என்று நீதிமன்றம் எங்கும் சொல்லவில்லை. தண்டனைக் கைதியின் சொல்லை அப்படியே நம்ப நானும் தயாரில்லை. ஆனால், கள்ளச்சாராயமும் பாலியல் விடுதியும் பல ஆண்டுகள் பகிரங்கமாக நடந்த ஒரு பகுதியில், சீருடை அணிந்த ஒருவருக்கும் எதுவுமே தெரியாது என்று நம்புவதற்கு அதைவிடப் பெரிய நம்பிக்கை வேண்டும்.

1995 ஏப்ரல்

தூக்கிலிடப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன், தாம் கெட்டுப்போனதற்குத் திரைப்படங்களே காரணம் என்று சங்கர் சொன்னதாகச் செய்தி வந்தது. அதைப் பலர் ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். அது எல்லோருக்கும் வசதியான விளக்கம். சாராயம் கடத்திய சாலையையும், கப்பம் வாங்கிய கைகளையும், விடுதிக்கு வந்துபோன வாடிக்கையாளர்களையும் மறந்துவிட்டுத் திரையரங்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடலாம்.

1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். தமிழ்நாட்டில் அதன் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை. அதே மாதம் 7-ஆம் தேதி, ராமன் ராகவன் புணே மருத்துவமனையில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அவருடைய மரண தண்டனை, மனநோயைக் கருத்தில்கொண்டு 1987-ல் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டிருந்தது. இருபது நாள் இடைவெளியில் மறைந்த இருவரில் ஒருவர் நோயாளி, மற்றவர் வியாபாரி. நம் திரைப்படங்களும் தொடர்களும் இருவரையும் ஒரே அச்சில் வார்த்து, இருவர் கண்ணிலும் ஒரே வெறியை வரைகின்றன. நோயாளியைப் பார்த்து அஞ்சப் பழகிய நாம், வியாபாரியை அடையாளம் காணப் பழகவில்லை.

அந்தத் தூக்குத் தண்டனை எதையாவது முடித்துவைத்ததா என்று கேட்டால், ஒரு மனிதரின் வாழ்க்கையை முடித்துவைத்தது என்றுதான் சொல்வேன். அவரோடு சேர்ந்து, அவர் யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்ற கேள்வியும் ஏறக்குறைய அடங்கிவிட்டது.

எங்கள் ஊருக்குத் திரும்புகிறேன். 2014 பிப்ரவரியில், சிறுசேரி சிப்காட் வளாகத்தில் இரவு வேலை முடித்து நடந்து சென்ற இளம் மென்பொருள் ஊழியர் ஒருவர் காணாமல் போனார். ஒரு வாரத்துக்கும் மேல் கழித்து, அதே வளாகத்தின் சாலையோரப் புதரில் அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டது. அது தொடர்கொலை இல்லை. குற்றவாளிகளும் வேறு வகையினர். ஆனால், படித்த, நல்ல வேலையில் இருந்த, தேடுவதற்குத் தந்தையும் நிறுவனமும் இருந்த ஒரு பெண்ணையே, அவர் நடந்துபோன சாலையின் ஓரத்தில் கண்டுபிடிக்க அத்தனை நாட்கள் ஆயின. அப்படியென்றால், இதே சாலையில் கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருப்பவர்களில் ஒருவர் நாளை மறைந்தால்? மேஸ்திரி ஊருக்குப் போய்விட்டார் என்பார்; அடுத்த ஆள் வந்துவிடுவார்.

சட்டம் முன்னைவிடத் தெளிவாகவே இருக்கிறது. பிடியாணையின்றிக் கைதுசெய்யத் தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்வது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. காணாமல் போகும் குழந்தைகள் பற்றிய புகார்களைக் கட்டாயம் பதிவுசெய்ய வேண்டும் என்றும் அதே ஆண்டில் உத்தரவிட்டது. ஆனால், எந்தச் சட்டமும் புகார் கொடுக்க ஒருவர் வந்த பிறகுதான் விழித்துக்கொள்கிறது. புகார் கொடுக்க ஆளில்லாதவர்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஒப்பந்தக்காரர் ஒவ்வொருவரும் தம்மிடம் வேலைசெய்பவர்களின் பெயர், புகைப்படம், ஊரிலுள்ள உறவினரின் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பராமரிக்கிறாரா, ஒருவர் திடீரென்று வராமல் போனால் அந்த எண்ணுக்கு அழைக்கிறாரா என்று உள்ளாட்சி நிர்வாகமும் காவல் துறையும் பார்க்கலாம். இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.

சில நாட்கள் கழித்து அந்த இளைஞர்களை மீண்டும் சந்தித்தேன். சங்கருக்கு என்ன மனநோய் என்று கேட்டவரிடம், எனக்குத் தெரிந்தவரை ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவர் சற்று ஏமாந்தது போலத் தெரிந்தது. பிறகு, எங்கள் அடுக்ககத்தின் வாசலில் துணி தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பத்து நாளாகக் காணவில்லையே, யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். அங்கிருந்த ஏழு பேரில் ஒருவருக்கும் அவருடைய பெயர் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. காவலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவருடைய எண்ணுக்கு அழைத்தோம். மகள் திருமணத்துக்காகச் செய்யாற்றுக்கு அருகிலுள்ள தம் ஊருக்குப் போயிருக்கிறாராம். இத்தனை பேர் தம்மைத் தேடியதை அவரால் நம்ப முடியவில்லை.